வெயிலை வடிகட்டிய கதை

நீலகிரி என்றதும் உங்களுக்கு ஊட்டி ஞாபகம் வரும். குன்னூர் வரும். குந்தா வருமா? வந்தால் அது பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட 'குந்தா நீர்மின் திட்ட'மாகத்தான் இருக்கும். இரண்டு மார்க் கேள்வி. கனடா நாட்டு உதவியோடு கட்டினார்கள், 1960-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள் என்று எழுதிவிட்டால் முழு மார்க்.

அந்தக் குந்தா தாலுகாவின் தலைநகரம் மஞ்சூர். ஆறாயிரம் அடிக்கு மேலே, நாலா பக்கமும் தேயிலை, நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்ட். வேறொரு வேலையாகப் போயிருந்தேன். ஊட்டி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. எதிரே பனிக்குள் மங்கலாக ஒரு டீக்கடை.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர் டீ ஆற்ற ஆரம்பித்ததும் அவர்கள் பார்வை அவருடைய கைக்குப் போனது. 'பஸ்ஸுக்கு டைம் ஆச்சு' என்று முணுமுணுத்தபடி நகர்ந்தார்கள். நகர்ந்தவர்கள் பஸ் ஏறவில்லை. நாலு கடை தள்ளிப் போய் நிதானமாக, ஊதி ஊதி டீ குடித்தார்கள்.

நானும் கையைப் பார்த்தேன். பத்து விரல் நுனிகளும் வெள்ளை. உதட்டோரத்திலும் வெள்ளை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? வெண்புள்ளி தொற்றாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதே பத்திரிகையில் எழுதக்கூடச் செய்திருக்கிறேன். ஆனாலும் கிளாஸை நீட்டியபோது என் கை அரை விநாடி தயங்கியது. அந்த அரை விநாடியை அவர் கவனித்தார். பழகிப் போனவர் கவனிப்பதுபோல, சும்மா கவனித்தார். எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கச் சிரமமாக இருந்தது.

பேச்சு கொடுத்தேன். பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் கல்லாவுக்கு அடியிலிருந்து மடித்து வைத்த ஒரு பேப்பர் துண்டை எடுத்தார். கோயம்புத்தூர் கிளினிக் ஒன்றின் விளம்பரம்.

"லேசர் வச்சா இது போயிடும்னு போட்டிருக்கானே சார். நெசமா?"

"விசாரிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். நம்பர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். நானோமீட்டருக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்றே! இரண்டு மாதம் டாக்டர்களைத் துளைத்து, கிடைத்த புத்தகங்களைப் புரட்டினேன். அவர் கேட்டது ஒரு வரிக் கேள்வி. பதில் மூவாயிரம் வருஷம் நீளமானது.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதைத் தயாரிப்பதற்கென்று தோலுக்குள் தனி செல்கள் இருக்கின்றன. உடம்பின் எதிர்ப்பு சக்தி என்பது ஊர்க்காவல் படை மாதிரி. கிருமி வந்தால் அடிக்க வேண்டும். சிலருக்கு அந்தப் படை கிறுக்குப் பிடித்து, வீட்டுக்காரனையே திருடன் என்று அடிக்கும். நிற செல்களை அடித்துக் கொன்றால் அந்த இடம் வெள்ளையாகும். அதுதான் வெண்புள்ளி. அதே படை வேறு தெருவில் கலாட்டா செய்து, ஒரு மாதத்தில் மேலே வர வேண்டிய தோல் செல்களைச் சில நாட்களிலேயே விரட்டி மேலே தள்ளினால் செதில் செதிலாக உதிரும். அது சோரியாசிஸ். இரண்டுமே ஒட்டுவாரொட்டி கிடையாது. கை குலுக்கினால், ஒரே கிளாஸில் குடித்தால், ஒரே பாயில் படுத்தால்கூட வராது.

இந்த இரண்டுக்கும் மனிதன் கண்டுபிடித்த முதல் வைத்தியம் எது தெரியுமா? வெயில்.

அதர்வண வேதத்தில் ஒரு மந்திரம் இருக்கிறது. இரவில் பிறந்த கறுத்த செடி ஒன்றைக் கூப்பிட்டு, இந்த வெள்ளைத் திட்டுக்கு உன் நிறத்தைக் கொடு என்று கேட்கிறார்கள். வெள்ளைத் திட்டுக்கு அதில் 'கிலாசம்' என்று பெயர். பின்னால் வந்த ஆயுர்வேத நூல்கள் மந்திரத்தோடு நிற்கவில்லை. மருந்தைக் கொடு, பிறகு நோயாளியை வெயிலில் உட்கார வை என்றன.

அந்த மருந்துகளில் ஒன்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் 'கார்போக அரிசி' என்று கேட்டால் கறுப்பாகச் சின்னச் சின்ன விதைகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். குளியல் பொடியில்கூடச் சேர்ப்பார்களே, அதேதான். வடக்கே இதன் பெயர் பாகுசி. பெயரில்தான் அரிசி. வேக வைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

இதே யோசனை நைல் நதிக்கரையிலும் ஓடியிருக்கிறது. அங்கே செடி வேறு, வெயில் ஒன்றுதான். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248-ல் டமாஸ்கஸில் இறந்துபோன இபின் அல் பைத்தார் என்ற மூலிகை அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார். வட ஆப்பிரிக்காவில் பெர்பர் இனக்குழு ஒன்று ஒரு விதையை வைத்து வெள்ளைத் திட்டைக் குணப்படுத்தி வந்ததாம். விதைப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்து, நோயாளியை வியர்த்துக் கொட்டும்வரை வெயிலில் நிறுத்தி வைப்பார்களாம். அது என்ன விதை என்பதை மட்டும் வெளியே சொல்ல மாட்டார்களாம். தொழில் ரகசியம்!

கங்கைக் கரைக்கும் நைல் கரைக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது? இரண்டு செடியிலும் இருக்கிற சரக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு சோராலென் என்று பெயர். கார்போக அரிசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள். வருஷம் 1933. சோராலெனை மட்டும் பூசினால் ஒன்றும் நடக்காது. அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிர் பட வேண்டும். பட்டவுடன் அது செல்லுக்குள் இருக்கிற மரபுச் சங்கிலியைப் போய்க் கவ்விக்கொள்ளும். கிறுக்குப் பிடித்த காவல் படை அடங்கும். நிற செல்கள் கிளறிவிடப்படும்.

அப்படியானால் கார்போக அரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதுதானே?

நம் மஞ்சூர்க்காரர் அதையும் செய்து பார்த்திருந்தார். சொந்தக்காரர் ஒருவர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாராம். தேயிலைக் காட்டு மேட்டில் போய்க் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். குளிருக்கு வெயில் இதமாக இருந்ததாம். இரண்டு மணி நேரம். மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். புண் ஆறிய இடத்தில் புதிதாக வெள்ளை.

அந்த இதம்தான் அவரை ஏமாற்றியது. வெயிலில் சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. சூடு தோலுக்குத் தெரியும். புற ஊதா தெரியவே தெரியாது. மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடும். கோயம்புத்தூரில் அரை மணியில் 'அப்பாடா, சுடுகிறதே' என்று எழுந்து நிழலுக்கு ஓடுகிறவன், குந்தாவில் சுகமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். தோல் வெந்துகொண்டிருக்கும். காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்புவது வேறு இந்த நோயின் குணம்.

மூவாயிரம் வருஷமாக இந்த வைத்தியத்தின் பிரச்னையே இதுதான். மருந்தை நிறுக்கத் தராசு உண்டு. வெயிலை எதில் நிறுப்பது?

இதைப் பற்றி முதலில் உருப்படியாக யோசித்தவர் ஒரு நோயாளி. நீல்ஸ் ஃபின்சன். டென்மார்க்குக்குச் சொந்தமான ஃபாரோ தீவுகளில் 1860-ல் பிறந்தவர். வருஷத்தில் பாதி நாள் சூரியனைத் தேட வேண்டிய ஊர். டாக்டருக்குப் படித்தார். இளம் வயதிலேயே கல்லீரலையும் இதயத்தையும் பாதிக்கிற நோய் பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது ஒரு பூனையைப் பார்த்தாராம். நிழல் நகர நகர, பூனையும் எழுந்து எழுந்து வெயிலுக்கே போய்ப் படுத்ததாம். வெயிலில் ஏதோ சமாச்சாரம் இருக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது என்பார்கள்.

பூனை கதை எப்படியோ, ஃபின்சன் செய்த வேலை பெரிது. வெயிலை நம்பாமல் கார்பன் ஆர்க் விளக்கை எடுத்துக்கொண்டார். கண்ணாடி புற ஊதாவைத் தடுக்கும் என்பதால் குவார்ட்ஸ் லென்ஸ் போட்டார். நடுவே தண்ணீரை ஓட விட்டுச் சூட்டை உறிஞ்சினார். அதாவது வெளிச்சத்தை வடிகட்டினார். முகத்தை அரித்துத் தின்கிற தோல் காசநோய்க்காரர்கள் அவரிடம் வந்தார்கள். தினமும் மணிக்கணக்கில், மாதக்கணக்கில் வெளிச்சம். மூக்கும் கன்னமும் சிதைந்து வெளியே தலை காட்டாமல் இருந்தவர்கள் தேறினார்கள். 1896-ல் கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையமே தொடங்கிவிட்டார். டென்மார்க் இளவரசியாகப் பிறந்து இங்கிலாந்துக்கு வாக்கப்பட்ட அலெக்ஸாண்ட்ரா, பிறந்த வீட்டுச் சீர் மாதிரி 1900-ல் ஒரு ஃபின்சன் விளக்கை லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். 1903-ல் நோபல் பரிசு. வாங்கப் போகிற தெம்பு அவருக்கு இல்லை. மறு வருஷமே இறந்து போனார். வயது 43.

ஃபின்சன் குணப்படுத்தியது கிருமியால் வந்த நோயை. பின்னாளில் காசநோய்க்கு மாத்திரை வந்ததும் அந்த விளக்குகள் ஆஸ்பத்திரி கோடவுனுக்குப் போய்விட்டன. ஆனால் விளக்கும் வைத்தியம் செய்யும் என்ற எண்ணம் நின்றுவிட்டது. 1925-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மேன் என்ற டாக்டர் சோரியாசிஸ்காரர்கள் உடம்பில் தாரைப் பூசி, புற ஊதா விளக்கடியில் நிறுத்தினார். ஆமாம், நிலக்கரித் தார்தான். நாற்றம் குடலைப் பிடுங்கும், துணி பாழாகும். ஆனால் குணமானது.

அடுத்த திருப்பம் மறுபடியும் நைல் கரையில். அந்தப் பெர்பர்களின் ரகசிய விதையிலிருந்து 1947-ல் எகிப்து விஞ்ஞானிகள் மருந்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். கெய்ரோவில் தோல் மருத்துவப் பேராசிரியர் எல் மோஃப்டி அதை வெண்புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்து, வெயிலில் உட்கார வைத்து, நிறம் திரும்புகிறது என்று எழுதினார். ஏழு நூற்றாண்டாகப் புத்தகத்தில் கிடந்த கைவைத்தியம், மாத்திரையானது.

மாத்திரை சரி, வெயில்? அதற்கு பாஸ்டனில் விடை கிடைத்தது. ஹார்வர்டில் ஃபிட்ஸ்பாட்ரிக், பாரிஷ் என்ற இரண்டு டாக்டர்கள். அவர்களோடு மது பதக் என்ற விஞ்ஞானி. நம்மவர், இந்தியாவில் பிறந்தவர். டெலிபோன் பூத் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே சுற்றிலும் புற ஊதா விளக்குகள். நோயாளி மாத்திரையை விழுங்கிவிட்டு உள்ளே போய் நிற்க வேண்டும். விநாடிக் கணக்கு பார்த்து விளக்கை அணைப்பார்கள். 1974-ல் வெளியான இந்த ஆராய்ச்சி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. உடம்பு முழுக்கச் செதிலாக இருந்த சோரியாசிஸ்காரர்கள் பளிச்சென்று வெளியே வந்தார்கள். 'பூவா' என்று இதற்குப் பெயர். சோறு போடுகிற பூவா இல்லை. சோராலெனின் முதல் எழுத்தையும் புற ஊதா 'ஏ'வையும் சேர்த்து ஆங்கிலத்தில் வைத்த சுருக்கம்.

கணக்குப் படித்தவனுக்குத் தெரியும். வரவு என்று ஒரு பக்கம் எழுதினால் எதிர்ப்பக்கம் பற்று என்று ஒன்று வந்தே தீரும். பூவா எடுத்துக்கொண்ட 1,380 அமெரிக்கர்களைப் பட்டியல் போட்டு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நிறையத் தடவை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோல்காரர்கள். நம் மாநிறத்துக்கு அபாயம் குறைவு. ஆனால் சங்கடம் சங்கடம்தான். மாத்திரை போட்ட நாளெல்லாம் கறுப்புக் கண்ணாடி, குமட்டல் வேறு.

இப்போது 1981-க்கு வாருங்கள். இந்தக் கதையின் இரண்டு கிளைகள் அந்த ஒரே வருஷத்தில், ஒன்றையொன்று தெரியாமல், துளிர்த்தன.

முதல் கிளை அதே பாரிஷ். கூட யேனிக்கே என்று ஒருவர். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. புற ஊதா புற ஊதா என்கிறோமே, அதில் குணப்படுத்துகிற பகுதி எது, சுடுகிற பகுதி எது? வெளிச்சத்தை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து, சோரியாசிஸ் திட்டுகளின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 296 நானோமீட்டருக்குக் கீழே இருப்பது சும்மா சுடுகிறது. ஒரு பிரயோஜனமும் இல்லை. 300-லிருந்து 313 வரைக்கும் உள்ள மெல்லிய கீற்றில்தான் குணம் இருக்கிறது. அத்தனை பெரிய வெயிலில் நமக்கு வேண்டியது ஒரு நூல் அளவு! டீத்தூளை வடிகட்டிவிட்டு டிகாஷனை மட்டும் எடுப்பதுபோல அந்த நூலை மட்டும் எடுத்தால்? பிலிப்ஸ் கம்பெனி 311 நானோமீட்டரை மட்டும் பிரதானமாக உமிழ்கிற டியூப் லைட்டைத் தயாரித்தது. மாத்திரை வேண்டாம், கறுப்புக் கண்ணாடியோடு நாள் முழுக்கத் திரிய வேண்டாம். 1997-ல் ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள் அதை வெண்புள்ளிக்கும் வைத்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்றார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்கூடக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

இரண்டாவது கிளையில் நம்ம ஊர் வாசனை. ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1929-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய், நியூயார்க் பக்கத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர். அவர் கையில் எக்ஸைமர் லேசர் என்று ஒரு சாதனம். சேரவே சேராத இரண்டு வாயுக்களை மின்சாரத்தால் ஒரு கணம் கட்டாயக் கல்யாணம் செய்து வைப்பது, அவை அடுத்த கணமே விவாகரத்து வாங்கிப் பிரியும்போது கக்குகிற புற ஊதாக் கதிரைப் பிடித்துக்கொள்வது. தத்துவம் அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் நுணுக்கமாகச் செதுக்க அதை வைத்திருந்தார்கள். உயிருள்ள பொருளில் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு ஆசை. 1981 நவம்பர் 27. முதல் நாள் அமெரிக்கர்களின் நன்றி தெரிவிக்கும் பண்டிகை. விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டை ஸ்ரீனிவாசன் ஆபீசுக்குக் கொண்டு வந்தார். லேசரைப் போட்டார். கருகல் இல்லை, தீய்ந்த வாசனை இல்லை. பிளேடால் நறுக்கியதைவிடச் சுத்தமாக ஒரு கோடு! இன்றைக்குக் கண்ணாடியைத் தூக்கி எறிவதற்காக லட்சக்கணக்கானவர்கள் செய்துகொள்கிற 'லேசிக்' ஆபரேஷனுக்கு அந்த வான்கோழிதான் பிள்ளையார் சுழி. அவருக்கும் அவருடைய சகாக்கள் பிளம், வின் இருவருக்கும் 2013-ல் அதிபர் ஒபாமா தேசிய விருது கொடுத்தார்.

கண்ணுக்குப் போடுவது 193 நானோமீட்டர். வாயு ஜோடியை மாற்றி, செனானையும் குளோரினையும் சேர்த்தால் கிடைக்கிற கதிரின் அலைநீளம் எவ்வளவு தெரியுமா? 308. பாரிஷ் கண்டுபிடித்த அந்த நூலுக்குள் கச்சிதமாக உட்காருகிற எண்! யாரும் திட்டம் போட்டு அமைத்ததல்ல. இயற்கையாக அமைந்த எண் பொருத்தம்.

இரண்டு கிளைகளும் சந்தித்தது ஹங்கேரியில், செகெட் என்ற ஊரில். 308 நானோமீட்டர் லேசரைச் சோரியாசிஸுக்குப் பயன்படுத்தியதை 1997-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த ஊர் டாக்டர்கள் எழுதினார்கள். அமெரிக்க அரசு 2000-ல் அனுமதி கொடுத்தது. அடுத்த ஓரிரு வருஷங்களில் வெண்புள்ளிக்கும் வந்துவிட்டது. பெட்டிக்குள் நிற்கும்போது நல்ல தோலுக்கும் சேர்த்து வெளிச்சம் படுகிறதல்லவா? லேசரில் அது கிடையாது. திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், அதனால் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கலாம். பலரும் நினைப்பதுபோல அது வெள்ளையைச் சுரண்டி எடுப்பதில்லை, சுட்டு எடுப்பதும் இல்லை. மூவாயிரம் வருஷத்து வெயில்தான், வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் பேனா முனை அளவுக்கு வந்திருக்கிறது.

சரி, மஞ்சூர்க்காரரின் கேள்வி? போகுமா, போகாதா?

இங்கேதான் விளம்பரம் வாயை மூடிக்கொள்கிறது. வெண்புள்ளியில் நிற செல்கள் செத்துப் போயிருக்கின்றன. வெளிச்சம் செத்ததை எழுப்பாது. காவல் படையை அடக்கும். பிறகு புது செல்கள் எங்கிருந்தோ வர வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பட்டுப்போன செடிக்குப் பதிலாக நாற்றங்காலிலிருந்து கன்று கொண்டு வந்து நடுவார்களே, அந்த மாதிரி. தோலுக்கு நாற்றங்கால் எது? ரோமக்கால். முடியின் வேருக்குள் நிற செல்களின் கன்றுகள் பத்திரமாக இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அவை ஏறி வந்து பரவும். குணமாகிறவர்களுக்கு முதலில் முடியைச் சுற்றித்தான் புள்ளி புள்ளியாக நிறம் வரும். முகம், கழுத்து நன்றாகத் திரும்புவது அதனால்தான். திட்டில் இருக்கிற முடியே நரைத்துவிட்டதென்றால் கன்றுகளும் காலி என்று அர்த்தம்.

இப்போது உங்கள் விரல் நுனியைப் பாருங்கள். முடி இருக்கிறதா? உதட்டில்?

விரல் நுனியும் உதடும் இந்த வைத்தியத்துக்கு மசியாத முரட்டு இடங்கள். வருஷக்கணக்காகப் பரவாமல் நின்றுவிட்ட திட்டாக இருந்தால், வேறு இடத்திலிருந்து நிற செல்களை எடுத்துப் பதியம் போடுகிற ஆபரேஷன் உண்டு. அங்கேயும் விரல் நுனி சண்டித்தனம் செய்யும். 2022-ல் அமெரிக்காவில் வெண்புள்ளிக்கென்றே ஒரு களிம்புக்கு அனுமதி கிடைத்தது. காவல் படையின் தந்தியை அறுக்கிற மருந்து. கைவிரல் அதற்கும் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுப்பதில்லை.

அப்புறம் தூரம். வெளிச்சம் படுவது சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிஷங்கள். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை, மாதக்கணக்கில். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடை இறங்க 43 கொண்டை ஊசி வளைவுகள். குந்தாத் தண்ணீரில் எடுக்கிற கரண்ட்டில் கீழே ஊரெல்லாம் விளக்கெரிகிறது. அவருக்கு வேண்டிய விளக்குக்கு அவர்தான் மலையிறங்க வேண்டும். வீட்டிலேயே வைத்துக்கொள்கிற கையடக்க விளக்கும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 517 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் ஸ்டீராய்டு களிம்பு போட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் 'திட்டு வெகுவாக மங்கிவிட்டது' என்றார்கள். களிம்போடு விளக்கும் சேர்த்தவர்களில் இருபத்தேழு பேர். நிறுத்தின ஒரு வருஷத்துக்குள் அந்தப் பலனும் பெரும்பாலும் கரைந்துவிட்டது. நூறு சதவீதம் கியாரண்டி என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்த இருபத்தேழை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. அந்த இரண்டு பேர் ஏன் நாலு கடை தள்ளிப் போனார்கள்? ஒரு பெயரினால். 'குஷ்டம்' என்பது சமஸ்கிருதத்தில் தோல் நோய்களுக்கெல்லாம் பொதுவான சொல். நம் நாக்கில் அது தொழுநோய்க்கு மட்டும் ஆகிவந்தது. வெள்ளைத் திட்டுக்கு 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்தார்கள், தொழுநோயின் பயமெல்லாம் சும்மா கிடந்த வெண்புள்ளியின் தலையில் ஏறிவிட்டது. 1955-ன் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகச் சேர்த்திருந்தது. அதை நீக்க 2019 வரை ஆனது. தொழுநோயே மாத்திரையில் குணமாகிற காலத்தில் இந்தக் கதி என்றால், அதன் பெயரைத் தப்பாகச் சுமக்கிறவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? வெண்புள்ளி உள்ளவர்களே இங்கே இயக்கம் நடத்திப் போராடியபிறகு, 'வெண்புள்ளி' என்றே அழைக்க வேண்டும் என்று தமிழக அரசு ஆணை போட்டது. மைக்கேல் ஜாக்சன் 1993-ல் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் டி.வி.யில் சொன்னபோதுகூட உலகம் நம்பவில்லை. வெள்ளைக்காரனாக ஆசைப்பட்டு ஏதோ செய்துகொண்டார் என்று கிண்டலடித்தது. பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகுதான் அவருக்கு வெண்புள்ளி இருந்தது உறுதியானது. அவர் இறந்த ஜூன் 25-ம் தேதிதான் இன்றைக்கு உலக வெண்புள்ளி தினம்.

மஞ்சூருக்குப் போன் போட்டேன். டாக்டர்கள் சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். விரல் நுனி கஷ்டம்ணே. உதடும் சந்தேகம்தான். உடம்பில் வேறெங்காவது இருக்கிறதா?

"கழுத்துல ஒரு உள்ளங்கை அகலம் இருக்குது சார். பெரிசு அதான்."

"அது திரும்ப நல்ல சான்ஸ் இருக்குண்ணே. முகம், கழுத்தெல்லாம் நல்லாக் கேக்குமாம்."

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம். "அதை யாரு சார் பாக்கறா? இந்தக் குளுர்ல வருஷம் பூரா மப்ளர்ல கெடக்குது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாய்லர் இரைகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. யாரோ 'ரெண்டு டீ' என்றார்கள். கிளாஸ் வைக்கிற சத்தம், சில்லறைச் சத்தம். பிறகு அவரே லைனுக்கு வந்தார்.

"வாரத்துக்கு ரெண்டு நாளுன்னீங்களே சார், எந்தெந்தக் கெழமைன்னு அவங்களே சொல்லுவாங்களா, நாம கேக்கலாமா? ஞாயித்துக்கெழமை மட்டும் வேணாம். அன்னிக்குத்தான் கொஞ்சம் யாவாரம்."